எருக்கில் வண்ண வெட்டுக்கிளி: செடியை வெட்டிவிடலாமா?

தேவகோட்டைப் பக்கத்து வாசகி ஒருவரின் கேள்வி: "எங்கள் பின்கட்டுச் சுவரை ஒட்டிய எருக்கில் மஞ்சளும் நீலமுமாக வெட்டுக்கிளிகள் அப்பிக்கிடக்கின்றன. பக்கத்திலேயே கத்தரி, வெண்டை போட்டிருக்கிறேன். இது படையெடுத்து வரும் வெட்டுக்கிளியா? எருக்கை வெட்டிவிடலாமா?"

வெட்டாதீர்கள். இது பாலைவன வெட்டுக்கிளி இல்லை, எருக்கு வெட்டுக்கிளி. 2020 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இதைப் பார்த்துத்தான் ஊரே பதறியது. எருக்கம்பால் பெரும்பாலான பிராணிகளுக்கு விஷம். இதற்கோ அதுதான் சாப்பாடு. அந்த விஷத்தை உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்ளும். 'என்னைத் தின்னாதே' என்று பறவைகளுக்குச் சொல்லத்தான் இத்தனை பளிச்சென்ற நிறம். சிறகில்லாத குஞ்சைச் சீண்டிப் பாருங்கள், முதுகிலிருந்து சர்ரென்று ஒரு நீரைப் பீய்ச்சும்.

எருக்கு இருக்கும்வரை இது பெரும்பாலும் அதைவிட்டு நகராது. செடியை வெட்டினால் பசியோடு உங்கள் கத்தரிக்குத்தான் வரும். அப்புறம், பிள்ளையாருக்கு எருக்கமாலை கட்ட ஆச்சி பூத் தேடும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மண்ணையும் கொஞ்சம் பாருங்கள். பெண் பூச்சி வயிற்று நுனியைத் தரைக்குள் நீளமாகச் செலுத்தி, நுரையில் பொதிந்து கொத்துக் கொத்தாக முட்டையிடும். நுரை காய்ந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்துச் செம்மண் பொட்டலும் கண்மாய்க் கரையும் இதற்குத் தோதான இடம். வண்ணத்துப்பூச்சி மாதிரி கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. பொரிந்து வரும்போதே குட்டி வெட்டுக்கிளிதான். தோலை உரித்து உரித்து வளரும், சிறகு கடைசி உரிப்பில்தான் முழுசாக வரும்.

சிறகு முளைத்தவற்றின் மேல் மருந்து அடிப்பது காசுக்குக் கேடு. செடியைச் சுற்றியுள்ள மண்ணை ஒரு சாண் ஆழம்வரை நன்றாகக் கிளறிவிடுங்கள். வெளியே வந்த முட்டை வெயிலில் காய்ந்துபோகும், மைனாவும் எறும்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காய்கறிச் செடியில் குஞ்சுகள் ஏறியிருந்தால் மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம்: இடித்த பருப்பு 50 கிராம், 1 லிட்டர் தண்ணீர், ஒரு ராத்திரி ஊறல், வடிகட்டிக் கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலம் தெளியுங்கள், வெயிலில் வீரியம் போய்விடும்.

நாலைந்துதான் என்றால் விடியற்காலையில் கையாலேயே பிடித்துவிடலாம். அந்தக் குளிரில் சோம்பிக்கிடக்கும். பிடித்த கையால் கண்ணை மட்டும் கசக்காதீர்கள், முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.