ஒரே கச்சான், இரண்டு சட்டம்: ஏற்றுமதி இறக்குமதி கேள்வி பதில்

கொழும்பில் 22 வருடம் கப்பல் சரக்கு வேலை செய்துவிட்டு மட்டக்களப்புக்கே திரும்பி வந்துவிட்டேன். சாமான் அனுப்புவது, எடுப்பது பற்றி நம்மட ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில் இது.

வாகரை: அண்ணா, நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து வறுத்த கச்சான் (நிலக்கடலை) பக்கற் போடுகிறோம். அமெரிக்காவுக்குப் போனது. ஜெர்மனிக் கடைக்காரர் மட்டும் லாப் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்கிறார். 9 என்று இருக்கிறது. ஏன்?

தங்கச்சி, கச்சானில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அமெரிக்காவில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டினால்தான் கை வைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரே சாப்பிடும் கச்சானுக்கு எல்லை 4. உங்கள் 9 நியூயோர்க்கில் கடைக்குள் போகும், ஹம்பேர்க்கில் திரும்பி வரும்.

வறுத்தால் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. காய வைக்கும்போதே தடுக்க வேண்டும். கோதைக் காதருகே குலுக்கிப் பாருங்கள், பருப்பு கலகலவென்று ஆடினால் காய்ந்துவிட்டது. சாக்கை வெறும் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், மாரி காலத்தில் அடிச்சாக்கு ஈரத்தை உறிஞ்சும். சுருங்கினது, நிறம் மாறினது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சில பருப்புகளில்தான் இருக்கும்.

களுவாஞ்சிகுடி: எள்ளுருண்டையும் ஊறுகாயும் கனடாவுக்கு அனுப்பலாமா? அமெரிக்காவுக்கு அடித்த லேபல் மிச்சம் இருக்கிறது.

அதை ஒட்ட வேண்டாம் மகள். கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டும் வேண்டும். கடுகு அங்கே லேபலில் காட்ட வேண்டிய ஒவ்வாமைப் பொருள், அமெரிக்கப் பட்டியலில் அது இல்லை. எள்ளு அமெரிக்கப் பட்டியலில் ஏறியதே 2023 ஜனவரி 1இல்தான். முடிவுத் திகதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். 05/08 என்றால் நமக்கு ஓகஸ்ட் 5, அமெரிக்கருக்கு மே 8.

காத்தான்குடி: பெருநாளுக்குச் சீனாவில் உடுப்பு எடுக்கிறேன். கடந்த முறை பிந்திவிட்டது. ஏஜென்ட்டை மாற்றவா?

காக்கா, கலண்டரைப் பாருங்கள். சீனப் புத்தாண்டு 2026இல் பெப்ரவரி 17, 2027இல் பெப்ரவரி 6. இரண்டு வருடமும் நோன்பு அதற்கு ஓரிரு நாள் பின்னால்தான் தொடங்குகிறது. புத்தாண்டுக்குத் தொழிலாளர் ஊருக்குப் போனால் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும், திறந்த பிறகும் எல்லோரும் ஒரேயடியாகத் திரும்ப மாட்டார்கள். பூட்ட முதல் எல்லோரும் ஏற்றப் பார்ப்பதால் கப்பலில் இடம் நெருக்கடி, கூலியும் ஏறும். ஒக்டோபரில் ஓடர் கொடுத்து, டிசம்பர் முடிய முன் கப்பலில் ஏற்றிவிடுங்கள். பெருநாள் கழிந்து நாலாம் நாள் கொழும்பில் இறங்கிய கொள்கலன் ஒன்றை நானே விடுவித்துக் கொடுத்திருக்கிறேன். உள்ளே முழுக்கச் சின்னப் பிள்ளைகளின் சட்டை. அந்த முதலாளியின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

வாழைச்சேனை: ஐரோப்பா நம் மீனை நிறுத்தினபோது அப்பா படகை விற்றார். நம் மீனில் என்ன குறை?

மீனில் குறை இல்லை மகன். ஆழ்கடலில் படகு எங்கே நிற்கிறது என்று பார்க்கும் கண்காணிப்பு போதாது, சட்டத்தை மீறினவருக்கு உறைக்கிற தண்டனை இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு. 2015 ஜனவரியில் வந்த தடை 2016 யூனில் நீங்கியது. ஒழுங்காகப் பிடித்தவரையும் அது சேர்த்தே அடித்தது. அதை அநியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் பிடித்த இடம், நாள், எடை மூன்றையும் படகுப் பதிவேட்டில் எழுதாமல் கரைக்கு வராதீர்கள். அந்தத் தாள் இல்லாமல் அங்கே ஒரு கிலோவும் போகாது.

கல்முனை: ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏன் இவ்வளவு பிந்தியது?

ஐரோப்பாவுக்குக் கிட்டின வழி செங்கடல். 2023 நவம்பரில் அங்கே யேமனின் ஹூதி ஆயுதக் குழு கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய கம்பனிகள் ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றத் தொடங்கின. அது 10 முதல் 14 நாள் கூடுதல்.

மருதமுனை: கைத்தறிச் சாறி கேட்கும் பிரான்ஸ்காரர் "அசோ டெஸ்ட்" என்கிறார். அது என்ன?

சில அசோ சாயங்கள் உடைந்தால் புற்றுநோய் தரக்கூடிய அமீன் என்ற இரசாயனங்கள் வெளிவரும். உடம்பில் படும் துணியில் அவை கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பாவில் விற்க முடியாது. நூலை வாங்கும்போதே சாயக்காரரிடம் சான்றிதழ் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஆளைத் தேடுங்கள். பிரான்ஸ்காரி அந்தச் சாறியை எப்போதாவதுதான் உடுப்பாள். சாயத் தொட்டிக்குள் தினமும் கை விடுவது நம்மட ஆட்கள்.