கணினி கேள்வி–பதில்: உபுண்டுவில் ஹைபர்நேட் எங்கே போயிற்று?

கேள்வி: உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். 8 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04 பாவிக்கிறேன். பற்றரி பழையது, உறக்கத்தில் விட்டபின் மின்சாரம் நின்றால் சில மணித்தியாலங்களில் பற்றரி முற்றாக இறங்கி, சேமிக்காத வினாத்தாள்கள் அழிந்துவிடுகின்றன. மெனுவில் ஹைபர்நேட் (நினைவகத்தில் உள்ளதை வட்டில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் வசதி) இல்லை. டேர்மினலில் கட்டளை கொடுத்தால் சுவாப் இடம் (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கப்படும் இடம்) போதாது என்கிறது. லினக்ஸில் இந்த வசதியே இல்லையா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: வசதி இருக்கிறது. பல மடிக்கணினிகள் மீண்டெழத் தவறி, பாவனையாளர்கள் வேலையை இழந்ததனால்தான் 12.04 பதிப்பிலிருந்து உபுண்டு அதை மெனுவிலிருந்து எடுத்துவிட்டது. அந்த முடிவு நியாயமானதே. ஆனால் மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊரில், முயன்று பார்க்க வேண்டிய வசதி இது.

உறக்கத்தில் நினைவகத்துக்கு மின்சாரம் தொடர்ந்து தேவை. ஹைபர்நேட்டிலோ, இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் எல்லாச் செயலிகளையும் நிறுத்திவைத்து, நினைவகத்தில் உள்ளதைச் சுருக்கிச் சுவாப்பில் எழுதிவிட்டுக் கணினியை முற்றாக அணைக்கிறது. அதன்பின் பற்றரியைக் கழற்றினாலும் இழப்பில்லை. உங்கள் பதிப்பு நிறுவப்படும்போது வழக்கமாக உருவாகும் சுவாப் கோப்பு 2 ஜிபி மட்டுமே. அதை 8 ஜிபிக்குச் சற்று மேலாக்குங்கள். நினைவகத்தைச் சுருக்கி அதனையே சுவாப்பாகக் காட்டும் இசட்ராம் இதற்கு உதவாது.

பலர் தடுக்கி விழுவது அடுத்த படியில்தான். சேமித்த நினைவகம் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி தொடங்கும்போதே கேர்னலுக்குச் சொல்லியாக வேண்டும். இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரலான கிரப்பின் அமைப்பில் ‘ரெஸ்யூம்’ என்பதற்கு, சுவாப் கோப்பு அமர்ந்திருக்கும் பார்ட்டிஷனின் (வட்டுப் பிரிவின்) யூயுஐடி என்ற அடையாளக் குறியையும், ‘ரெஸ்யூம் ஆஃப்செட்’ என்பதற்கு, ‘ஃபைல்ஃபிராக்’ கட்டளை காட்டும் பட்டியலின் முதல் வரியிலுள்ள பௌதிக ஆஃப்செட்டின் (வட்டில் கோப்பு இருக்கும் இடத்தின்) தொடக்க எண்ணையும் எழுதி, கிரப்பைப் புதுப்பியுங்கள். கோப்பை அழித்து மறுபடி உருவாக்கினால் அந்த எண் மாறிவிடும். பழைய எண்ணை விட்டுவைத்தால், சேமித்ததைக் கேர்னல் கண்டுபிடிக்காமல் கணினி புதிதாகத் தொடங்கும்.

நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் இத்தனையும் வீண். சுவாப்பில் சேமித்த நினைவகப் பிம்பத்தை எவரேனும் மாற்றியிருக்கலாம் என்பதால் கேர்னல் ஹைபர்நேட்டையே மறுத்துவிடும். பயோஸில் செக்யூர் பூட்டை அணைப்பது பாதுகாப்பை ஓரளவு குறைக்கும். வீட்டோடு இருக்கும் கணினியில் நான் அதை ஏற்பேன்.

முக்கியமான கோப்பு எதுவும் திறந்திராத நேரத்தில் பலமுறை சோதியுங்கள். வைஃபையும் ஒலியும் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் திரும்பினால் மட்டுமே வினாத்தாள்களை அதை நம்பி விடுங்கள்.

கேள்வி: ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும் உள்ளன. ஒன்றை ஹைபர்நேட் செய்துவிட்டு மற்றதைத் திறக்கலாமா?
— வாசகர், கொக்குவில்

பதில்: தவிர்ப்பதே நல்லது. ஹைபர்நேட்டில் இருக்கும் இயங்குதளத்தின் பார்ட்டிஷனில் மற்றது எதையாவது எழுதினால், அது விழித்தெழும்போது பழைய நிலையையே உண்மை என்று எண்ணிக் கோப்புகளைக் குழப்பிவிடும். விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்பதும் அரைகுறை ஹைபர்நேட்தான் என்பதால், முதலில் அதை அணைத்துவிடுங்கள்.