யாரைக் கேட்டுத் தூர்வாரினீர்கள்?

அன்புள்ள அக்கா,

எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வாரும் தன்னார்வலர் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். எல்லா முடிவையும் நான்கு பேர் வாட்ஸ்அப்பில் எடுத்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியவரும். வரவு செலவு கேட்டால், "சம்பளமில்லாமல் உழைக்கிறோம், எங்களையே சந்தேகப்படுகிறாயா?" என்கிறார்கள். விலகிவிடலாமா?

ச., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள தம்பி,

ஊரார் பணத்துக்குக் கணக்குக் கேட்க, சந்தேகம் எதற்கு? 1894-ல் தென்னாப்பிரிக்காவில் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தொடங்கியபோது, பணம் கொடுத்தவர்கள் ரசீதைப் பெரிதாக நினைக்கவில்லை; காந்தியும் அவருடன் இருந்தவர்களும்தான் வற்புறுத்தி ரசீது கொடுத்தார்கள். சரியான கணக்கு இல்லாமல் உண்மையைக் காப்பாற்ற முடியாது என்று சத்திய சோதனையில் எழுதுகிறார். உங்கள் நால்வரும் இலவசமாக உழைக்கிறார்கள், சரி. டீசலும் பொக்லைன் வாடகையும் இலவசமில்லையே.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்லாதீர்கள். கல்யாண மண்டபத்தில் கூடினாலும் அதே நான்கு பேர்தான் பேசுவார்கள்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. உங்கள் கடிதத்தில் ஓர் ஆயக்கட்டு விவசாயிகூட, அந்தக் கண்மாய்த் தண்ணீரில் பயிரிடுகிற ஒருவர்கூட இல்லை. நால்வரும் உங்களைக் கேட்கவில்லை என்று வருந்துகிறீர்கள். நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஊரைக் கேட்டீர்களா?

சில வருடங்களுக்கு முன், ஒரு குழு தூர்வாரிய கண்மாயைப் பார்க்கப் போயிருந்தேன். ஆழமாகத் தோண்டி, நடுவில் மண்ணைக் குவித்துத் திட்டு போட்டு மரக்கன்று நட்டிருந்தார்கள். தண்ணீர் கிடந்தது, எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் நீர்க்கட்டி, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவர், என்னை மடைக்குக் கூட்டிப்போனார். மடையின் அடிமட்டத்தில் கம்பை வைத்துக் காட்டினார். தண்ணீர் அதற்கு ஒரு முழம் கீழே நின்றது. கண்மாய்த் தண்ணீர் மடை வழியே தானாக வயலுக்குப் பாய வேண்டும். மடைமட்டத்துக்குக் கீழே வெட்டிய பள்ளத்தில் எவ்வளவு நின்றாலும் மாடு குடிக்கலாம், கிணறு ஊறலாம், நெல்லுக்கு ஏறாது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா வரத்துக்காலை வெட்டுங்கன்னு சொல்லியிருப்பேன் தாயி. அதுலதான் கருவேலம் அடைச்சுக் கெடக்கு" என்றார். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைச் சொன்னார். கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டியிருந்ததால் ஆடுகள் இறங்க வழியில்லை. மேய்ப்பவரையும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் குழுவில் திருடர் யாருமில்லை தம்பி. நல்ல பிள்ளைகள், வெயிலில் கறுத்துப்போன பிள்ளைகள். அவர்களைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனாலும் சொல்கிறேன், அந்த ஊர் அவர்களை மன்னிக்க வேண்டியதில்லை. பொக்லைன் வந்து நின்ற பிறகு நடத்துவது ஆலோசனை அல்ல, அறிவிப்பு. இயந்திரம் வருவதற்கு முன் கேட்க வேண்டும். கரையில் வைத்துக் கேட்க வேண்டும். வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, துணி துவைக்க வரும் பெண்களையும், கண்மாயில் மீன்பிடிக்க மீன்பாசி ஏலம் எடுத்தவரையும் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று சொன்னால் திட்டத்தை மாற்ற வேண்டும். மாற்ற மனமில்லாவிட்டால் கேட்கவே கேட்காதீர்கள், கேட்டுவிட்டு மாற்றாமலிருப்பது இன்னும் பெரிய அவமதிப்பு. மார்ச் 22, தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடுகிறதே, அங்கே உங்கள் குழு என்றாவது திட்டத்தை வைத்ததுண்டா? எத்தனை அடி ஆழம், எவ்வளவு செலவு, அள்ளிய மண் எங்கே போகிறது?

விலகுவதைப் பிறகு பார்க்கலாம். வருகிற ஞாயிறு மண்வெட்டியை வைத்துவிட்டு உங்கள் ஊர் நீர்க்கட்டியைப் போய்ப் பாருங்கள். மடைமட்டம் எங்கே இருக்கிறது, இதுவரை எத்தனை லோடு மண் ஊரைவிட்டு வெளியே போயிருக்கிறது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.