ஹிக்கின்பாதம்: ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயரைப் பற்றிக் கேள்வி பதில்

ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னதும், சென்னைக்காரர்கள் பலரும் ஒரே பெயரைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பெயர் அது. அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

கேள்வி: சார், அண்ணா சாலையில் இருக்கும் ஹிக்கின்பாதம்ஸ் கடைக்குச் சின்ன வயதிலிருந்தே போய் வருகிறேன். அது ஆள் பெயரா, ஊர்ப் பெயரா?

பதில்: முதலில் ஊர்ப் பெயர், அப்புறம் ஆள் பெயர், அதற்கும் அப்புறம்தான் கடைப் பெயர். ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் என்ற ஆங்கிலேயர், மதராஸில் வெஸ்லியன் மிஷனரிகள் நடத்திவந்த புத்தகக் கடையை 1844-ல் வாங்கித் தன் பெயரில் நடத்த ஆரம்பித்தார். பின்னாளில் மதராஸின் ஷெரீஃப் பதவியும் அவரைத் தேடி வந்தது. இப்போது நாம் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1904-ல் எழுந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களில் இருந்த புத்தகக் கடைகள் வழியாக அந்தப் பெயர் பட்டிதொட்டிக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

பெயரின் பூர்வீகம் இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில். போல்டன் நகரின் கிழக்குப் பக்கம் ஓக்கன்பாட்டம் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்றும் அந்தப் பெயரில் அங்கே சாலை உண்டு. ‘ஓக்கன்’ பழைய ஆங்கிலத்தில் ஓக் மரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பெயர் அகராதிகள் சொல்லும் விளக்கம். ‘பாட்டம்’ என்றால் பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கும் அகலமான தாழ்நிலம். ஓக் மரங்கள் நிற்கிற தாழ்நிலம், அவ்வளவுதான் பொருள்.

கேள்வி: ஓக்கன்பாட்டம் எப்படி ஹிக்கின்பாதம் ஆகும்? நம்பவே முடியவில்லையே!

பதில்: நியாயமான சந்தேகம். ஒரே தாவலில் நடந்ததில்லை. இடைக்காலத்தில் அந்த இடத்தை ஈக்கன்பாட்டம் என்றார்கள். பிறகு அது இக்கன்பாட்டம் ஆனது. அந்த வட்டாரப் பேச்சில் ‘ஹிக்கின்’, ‘ஹிக்கன்’ என்ற சொற்கள் இருந்தன; மலைச்சரிவில் சிவப்புப் பழம் காய்க்கும் ரோவன் மரத்துக்கு அந்தப் பேர். பழைய ‘ஓக்கன்’ காதுக்கு அர்த்தம் இழந்துபோன பிறகு, ஜனங்கள் அதைத் தங்களுக்குத் தெரிந்த மரத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஓக் போய் ரோவன் வந்தது. லங்காஷயர்க்காரர்கள் சொல்லின் முதலில் வரும் ஹகரத்தை விழுங்கிப் பேசுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ‘இக்கன்’ என்று காதில் விழுந்ததை ஹகரம் சேர்த்து எழுதினால் ‘ஹிக்கின்’ வந்துவிடும்.

கேள்வி: ஒரே பெயரை ஏன் இத்தனை விதமாக எழுதுகிறார்கள்? ஹிக்கின்பாட்டம், ஹெகின்பாதம், ஹிக்கின்பாட்டம்ஸ், ஹிக்கிங்பாதம்...

பதில்: எழுதியவர் ஒருவர், பெயருக்குச் சொந்தக்காரர் வேறொருவர் என்பதால். தேவாலயங்கள் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1538-ல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். வந்து நின்றவருக்குப் பெரும்பாலும் எழுத்து தெரியாது. பாதிரியார் காதில் விழுந்ததை எழுதினார். அடுத்த குழந்தைக்கு வேறு பாதிரியார், வேறு எழுத்து. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு எழுத்தில் பதிவானது சர்வ சாதாரணம். 1837-ல் அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு வந்து, பள்ளிக்கூடமும் பரவிய பிறகுதான் ஒவ்வொரு குடும்பத்திலும் ஓர் எழுத்து நிலைத்தது.

கேள்வி: ‘பாட்டம்’ என்றால் பின்பக்கம். அதற்கு வெட்கப்பட்டுத்தான் ‘பாதம்’ என்று மாற்றிக்கொண்டார்களாமே?

பதில்: பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். காலக்கணக்கு ஒத்துவராது. இந்தப் பெயர்கள் குடும்பப் பெயர்களாக வேர்விட்டது இடைக்காலத்தில். ‘பாட்டம்’ உடம்பின் பின்பக்கத்தைக் குறிக்க ஆரம்பித்ததோ 18ஆம் நூற்றாண்டின் கடைசியில். பல நூறு வருஷம் யாருக்கும் அதில் சிரிக்க எதுவும் இல்லை.

‘பாதம்’ என்ற வடிவமும் புதுசு இல்லை. பழைய ஆங்கிலத்திலேயே ‘பாட்ம்’, ‘பாத்ம்’ என்று இரண்டு உச்சரிப்பும் இருந்தன. பிற்காலத்தில் சிலர் கேலிக்குப் பயந்து ‘பாதம்’ பக்கம் நகர்ந்திருப்பார்கள்தான். ஆனால் அந்த வடிவத்தை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இந்தப் பெயரை வைத்துப் பிள்ளைகளை அழவிடுகிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு நிலத்தின் நல்ல வர்ணனை அது.

கேள்வி: அப்படியானால் இங்கிலாந்து கிரிக்கெட் வீரர்கள் இயன் போத்தமும், ரயன் சைடுபாட்டமும் இதே கூட்டமா?

பதில்: சொந்தக்காரர்கள் இல்லை. ஆனால் பெயருக்குள் இருக்கும் நிலம் ஒன்றுதான். ‘போத்தம்’ வெறும் தாழ்நிலம். ‘சைடுபாட்டம்’ அகலமான தாழ்நிலம். ‘சைடு’க்குப் பழைய ஆங்கிலத்தில் அகலம் என்று பொருள். 2007-ல் கண்டியில் முரளிதரன் டெஸ்ட் விக்கெட் உலக சாதனையை மீட்டபோது எதிரணியில் ஆடியவர்தான் ரயன். அவருடைய அப்பா ஆர்னியும் இங்கிலாந்துக்கு ஒரு டெஸ்ட் ஆடியவர். இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேனேஜர் வால்டர் வின்டர்பாட்டம் (1946 முதல் 1962 வரை), ரயில் இன்ஜின் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம் ஆகியோரையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரின் சரிவுகளில் ஓடைக்கு ஓடை இப்படி ஒரு பள்ளத்தாக்கு. அங்கே பண்ணை வைத்திருந்தவன் அடுத்த ஊருக்குக் குடிபோனால், புது ஊரார் அவனை, அவன் விட்டு வந்த பள்ளத்தின் பெயரால் கூப்பிட்டார்கள்.

கேள்வி: இந்தப் பெயர் எவ்வளவு அபூர்வம்?

பதில்: பிரிட்டனில் ஸ்மித்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல். ஹிக்கின்பாதம், ஹிக்கின்பாட்டம் எல்லாம் சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடும். மான்செஸ்டரைச் சுற்றித்தான் இன்னமும் நெருக்கமாக இருக்கிறார்கள். கால்பந்து வீரர் டேனி ஹிக்கின்பாதம் பிறந்ததும் மான்செஸ்டரில்தான். எண்ணிக்கையில் அமெரிக்கா முந்திவிட்டது.

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே இந்தப் பெயரைப் பார்க்கிறேனே?

பதில்: ஆமாம். ஜாஸ் டிராம்போன் கலைஞர் ஜே.சி. ஹிக்கின்பாதம், நீதிபதி லியோன் ஹிக்கின்பாதம் இருவருமே கறுப்பினத்தவர்கள். அமெரிக்காவில் இப்படி ஆங்கிலப் பெயர்கள் கறுப்பினக் குடும்பங்களுக்கு வந்ததற்குப் பின்னால் பெரும்பாலும் அடிமைமுறை இருக்கிறது. பண்ணை முதலாளியின் பெயர் அடிமைகள் மேல் விழுந்தது. விடுதலைக்குப் பிறகு அதுவே குடும்பப் பெயராக நின்றது. அடிமைமுறையின் சட்ட வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர் நீதிபதி லியோன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கேள்வி: இந்தப் பெயர்க்காரர்கள் எல்லோரும் ஒரே மூதாதையின் வாரிசுகளா?

பதில்: அபூர்வமான பெயர் என்றால் அதற்கு வாய்ப்பு கூடும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் ஒய் குரோமோசோமை 40 குடும்பப் பெயர்களில் சோதித்தார்கள். ஆட்டன்பரோ மாதிரி அபூர்வப் பெயர்களில் பெரும்பாலோருக்கு ஒரே வகை. ஸ்மித்களில் அப்படி ஒற்றுமையே தென்படவில்லை; ஸ்மித் என்றால் கொல்லன், அவன் ஊருக்கு ஊர் இருந்தான் அல்லவா?

கேள்வி: குடும்பச் சின்னம் என்று இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் தருவது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உரிமை வராது.

கேள்வி: எங்கள் ஊர் பழைய கல்லறைத் தோட்டத்தில் இந்தப் பெயரோடு ஒரு கல் இருக்கிறது. அவர் யாரென்று எப்படித் தேடுவது?

பதில்: கல்லில் இருக்கும் எழுத்தை அப்படியே படி எடுங்கள், திருத்தாதீர்கள். மதராஸ் ராஜதானியில் நடந்த ஐரோப்பியர் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன; மதராஸுக்கான வரிசை ‘என் 2’. பெயரில் தேடும்போது ஹகரத்தோடும் ஹகரம் இல்லாமலும் தேடுங்கள். ‘பாட்டம்’, ‘பாதம்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். தேதி கிடைத்துவிட்டால் பெயர் எந்த எழுத்தில் ஒளிந்திருந்தாலும் சிக்கிவிடும். கல்லின் படம் ஒன்று எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்தே பார்க்கலாம்.