மறுபடியும் ஊரடங்கு வந்தால் நம் விசா என்னாகும்?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிரான்ஸ் விசாவுக்குக் காத்திருக்கும் தங்கை கேட்டிருக்கிறார்: "கணவர் லியோனில் வேலை செய்கிறார். கொரோனா போல இன்னொன்று வந்தால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எங்களுக்கு அங்கே என்ன உரிமை இருக்கும் அண்ணா?"

வணக்கம் தங்கை. வீட்டுக்குள் அடைபடுவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 2020 மார்ச் 17 அன்று இங்கே பிரான்ஸில் ஊரடங்கு வந்தபோது, ரொட்டி வாங்கப் போவதற்கும் நாமே காரணம் எழுதிக் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். இல்லையென்றால் 135 யூரோ அபராதம். பிரெஞ்சுக்காரருக்கும் அதே படிவம்தான். முள்ளோடையில் புதுச்சேரி எல்லையை அடைத்ததைப் பார்த்த ஊர்க்காரர்கள் நாம், இதையும் தாங்கிக்கொண்டோம். நடுத்தெருவில் தோப்புக்கரணம் போடச் சொல்லவில்லை என்பது ஓர் ஆறுதல்.

அடி விழுந்தது வேறிடத்தில். இங்கே வசிக்கும் இந்தியர் போன்ற ஐரோப்பியரல்லாதவர்களின் மனைவி மக்களுக்குக் குடும்ப இணைவு விசா வழங்குவதையே நிறுத்திவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரின் மனைவிக்கு வழி இருந்தது. புதுச்சேரியில் இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். சொல்தா குடும்பத்து, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் வீட்டு மருமகள் விமானம் ஏறலாம். எதிர்வீட்டு மருமகள், பிரான்ஸ் மாவட்ட நிர்வாகத்தின் ஒப்புதல் கடிதம் கையில் இருந்தும் காத்திருக்க வேண்டும்.

அந்தத் தடை அரசின் இரக்கத்தால் விலகவில்லை. வழக்குப் போட்டார்கள். நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமான கோன்செய் தெத்தா 2021 ஜனவரி 21 அன்று தடையை நிறுத்திவைத்தது. இப்படி வருபவர்கள் நாளொன்றுக்கு 60 பேருக்கு மேல் இல்லை, அவர்களால் தொற்று பெருகிவிடாது, குடும்பமாக வாழும் உரிமையை அதற்காக இந்த அளவுக்குப் பறிக்க முடியாது என்றது. பாரிஸில் போலீஸ் ட்ரோன் பறக்கவிட்டுக் கண்காணித்ததை 2020 மே மாதம் நிறுத்தச் சொன்னதும் இதே மன்றம்தான்.

அதற்காகப் பிரான்ஸைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். விசாரணைக் கைதிகளின் காவலை நீதிபதி பார்க்காமலேயே நீட்டிக்க 2020 மார்ச்சில் ஓர் அவசர ஆணை வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வருவதற்குள் 2021 ஜனவரி முடியப்போனது. உள்ளே இருந்தவர் இருந்ததுதான்.

உங்களுக்கு இப்போதைக்கு ஒரே வேலை. ஒப்புதல் கடிதம், விசா மையத்தின் தேதியிட்ட ரசீது, வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, ஒரு நகலைக் கணவரிடமும் கொடுத்து வையுங்கள். அடிப்படை உரிமை பாதிக்கப்பட்டால், 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டிய அவசர மனு முறை இங்கே இருக்கிறது. அந்த நேரத்தில் தாள்களைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.