பெரிய டாக்டருக்கு முன்னால் வந்து பார்ப்பவர் யார்?

கேள்வி: அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். தினமும் காலையில் பெரிய டாக்டர் வருவதற்கு முன்பே ஒரு பெண் வந்து பார்ப்பார். 'டாக்டரம்மா' என்று கூப்பிட்டால், "நான் டாக்டர் இல்லைங்க, பி.ஏ." என்பார். நர்ஸும் இல்லையாம். அப்படியென்றால் அவர் யார்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அவர் ஃபிசிஷியன் அசிஸ்டென்ட். பி.ஏ. என்றதும் நமக்கு கலெக்டரின் பி.ஏ., அமைச்சரின் பி.ஏ.தான் நினைவுக்கு வரும், ஆனால் இவர் அப்பாயின்ட்மென்ட் எழுதுகிறவர் இல்லை. டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியை நேரடியாகக் கவனிப்பதற்கென்றே படித்து வந்தவர்.

உங்கள் அப்பா விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பைபாஸில் அடைப்பைத் தாண்டி ரத்தம் போவதற்குப் பெரும்பாலும் காலிலிருந்தும் ஒரு ரத்தக்குழாயை எடுப்பார்கள். சர்ஜன் மார்புப் பக்கம் வேலையாக இருக்கும்போது பல ஆஸ்பத்திரிகளில் கால் பக்கம் நிற்பவர் பி.ஏ.தான். குழாய் நைந்துவிடாமல் வெளியே எடுத்து, அதன் சின்னச் சின்னக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, உப்புக் கரைசலைச் செலுத்தி எங்காவது கசிகிறதா என்று பார்த்துக் கொடுப்பார். அப்புறம் வார்டில், ராத்திரி காய்ச்சல் இருந்ததா, சிறுநீர் எவ்வளவு போனது, காலில் தையல் போட்ட இடம் சிவந்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதி, ரவுண்ட்ஸில் டாக்டரிடம் சொல்வார். மருந்தை மாற்றுவது, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் டாக்டரின் முடிவு.

"நான் டாக்டர் இல்லை" என்று ஒவ்வொரு முறையும் திருத்தினாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. தன்னைப் பார்ப்பவர் யார் என்று நோயாளிக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இந்தப் படிப்பு 1965-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. டாக்டர்கள் போதாத காலம். கடற்படையில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்து பழகிய ஆட்களுக்கோ வெளியே வந்தால் அந்த அனுபவத்துக்கு ஏற்ற வேலை இல்லை. டாக்டர் யூஜின் ஸ்டெட் அவர்களில் நான்கு பேரைச் சேர்த்துப் பாடம் தொடங்கினார், 1967-இல் மூன்று பேர் முடித்து வெளியே வந்தார்கள். இந்தியாவில் முதலில் தொடங்கியது நம் சென்னையில்தான். 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், இதய அறுவை நிபுணர் கே.எம். செரியன் முயற்சியில்.

கேள்வி: மகனுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. பி.ஏ. படித்தால் அமெரிக்காவில் வேலை நிச்சயம் என்கிறார்கள். சேர்க்கலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அந்த வார்த்தையை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள், ஐயா. அமெரிக்காவில் பி.ஏ. உரிமம் வேண்டுமென்றால் அங்கே அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, அவர்களுடைய தேசியத் தேர்வில் தேற வேண்டும். அது டிகிரிக்கு மேல் சுமார் 27 மாதம் படிக்கும் முதுகலை. அங்கே பி.ஏ. மருந்துச்சீட்டு எழுதலாம், இங்கே அவர் தானாக எழுத முடியாது. இங்கே படிப்பது இன்டர்ன்ஷிப்போடு சேர்ந்த இளநிலைப் பட்டம், அதை வைத்து நேராக அங்கே போய் வேலையில் உட்கார முடியாது.

2021-இல் வந்த துணை மருத்துவப் படிப்புகளுக்கான மத்தியச் சட்டத்தில் பி.ஏ.வும் இருக்கிறது, அது நல்ல செய்தி. ஆனால் எம்.பி.பி.எஸ். போனதே என்ற ஏக்கத்தோடு சேர்ந்தால் பையன் தினம் தினம் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று நொந்துபோவான். சரி, வார்டு வேலையே பிடிக்கும் என்கிறானா? அப்படியானால் கல்லூரி ஆபீஸில் விசாரிப்பதோடு நிறுத்தாமல், அங்கே இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் ஒரு மாணவரைப் பிடித்து, தியேட்டருக்குள் கையோடு வேலை கொடுக்கிறார்களா, வெறும் ஃபைல் தூக்க வைக்கிறார்களா என்று அவனையே கேட்கச் சொல்லுங்கள்.