மாட்டுத்தொழுவத்துக்குப் போகலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம். வளைகாப்பு முடிந்து கோவை அபார்ட்மெண்டிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே இரண்டு மாடு, ஒரு கன்று. கட்டுத்தறி வீட்டை ஒட்டியே இருக்கிறது. என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அதனால் மாமியார் தினமும் போன் போட்டு, 'அந்தப் பக்கமே போகாதே, சாணி நாத்தமும் தூசியும் பிள்ளைக்கு ஆகாது' என்கிறார். அம்மாவோ, 'நீ வயித்துல இருந்தப்ப பிரசவத்துக்கு முந்தின நாள் வரைக்கும் நான்தான் பால் கறந்தேன், உனக்கு என்ன ஆயிப்போச்சு' என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் விஷயம் இருக்கிறது. மாமியார் மேலும் கோபப்படாதீர்கள், மகன் ராத்திரி முழுக்க மூச்சு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர் அவர்.

1989-ல் பெர்லின் சுவர் விழுந்த பிறகு, மியூனிக் நகரத்துக் குழந்தை மருத்துவர் எரிகா ஃபான் மூட்டியஸ், கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக், ஹாலே நகரப் பிள்ளைகளையும் மியூனிக் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். நிலக்கரிப் புகை மூடிக்கிடந்த கிழக்கில்தான் ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. நெஞ்சுச்சளி, இருமல் எல்லாம் அங்கே அதிகம்தான், ஆனால் ஆஸ்துமாவும் மகரந்த அலர்ஜியும் வசதியான மேற்கில்தான் அதிகமாக இருந்தன. அந்த ஆச்சரியத்திலிருந்து கிளம்பிய தேடல், கடைசியில் ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து மாட்டுப்பண்ணைக் குடும்பங்களிடம் போய் நின்றது. பண்ணையில் வளரும் பிள்ளைகளுக்கு ஆஸ்துமாவும் அலர்ஜியும் கணிசமாகக் குறைவு.

சரி, அது பிறந்த பிறகு புழுதியில் விளையாடுவதால்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆய்வாளர்களும் அப்படித்தான் முதலில் நினைத்தார்கள். ஆனால் கர்ப்பமாக இருக்கும்போது தாய் தொழுவத்தில் வேலை செய்தாரா என்று தனியாகக் கேட்டுப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது. நம் வெள்ளை அணுக்களில் கிருமிகளை இனம் கண்டுகொள்கிற புரதங்கள் உண்டு. தொழுவ வேலை செய்த தாய்மாரின் பிள்ளைகளிடம், அவர்கள் பள்ளிக்கூடம் போகிற வயதில்கூட, அந்தப் புரதங்களை உண்டாக்கும் மரபணுக்கள் கூடுதல் சுறுசுறுப்போடு இருந்தன. மாடு மட்டும் என்றால் கொஞ்சம், மாடு, பன்றி, கோழி என்று தாய் பழகிய விலங்கு வகைகள் கூடக் கூட இதுவும் கூடியது.

அடுத்து 2002-லிருந்து ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், பின்லாந்து என்று 5 நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்டு, பிறந்த நாளிலிருந்தே குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். பிரசவ அறையில் கொடிக்குக் கிளிப் போட்டு வெட்டியதும், நஞ்சுக்கொடிப் பக்கத்தில் தொங்குகிற மிச்சக் கொடியில் சில ஸ்பூன் ரத்தம் இருக்கும். வழக்கமாக வீணாகப் போவது. அதை எடுத்துச் சோதித்தார்கள். பண்ணைத் தாய்மாரின் குழந்தைகளிடம், புல் மகரந்தம் போன்றவற்றுக்கு எதிரான அலர்ஜிப் புரதம் குறைவாக இருந்தது. அந்தக் குழந்தை இன்னும் ஒரு மூச்சுக்கூட வெளிக்காற்றை இழுத்துப் பழகவில்லை, அதற்குள் இந்த வித்தியாசம்! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் நின்றுவிடும்.

எப்படி நடக்கிறது? தொழுவத்துக் கிருமி குழந்தையிடம் நேராகப் போவதில்லை. 2009-ல் ஜெர்மனியின் மார்புர்க் நகரத்தில், தொழுவத்திலிருந்து எடுத்த, நோய் உண்டாக்காத ஒரு பாக்டீரியாவைக் கர்ப்பமான சுண்டெலிகளின் மூக்கில் விட்டார்கள். குட்டிகளுக்கு ஆஸ்துமா வராமல் அது காத்தது. ஆனால் கிருமியை இனம் காணும் அந்தப் புரதங்கள் தாய் எலியிடம் இல்லாமல் செய்துவிட்டபோது, அதே கிருமியை விட்டும் குட்டிக்குப் பலனில்லை. தாயின் உடம்பு முதலில் உணர வேண்டும், அது உணர்ந்ததைத்தான் பிள்ளைக்குச் சொல்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் 2016-ல் இதையே குடலில் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் தாய் எலியின் குடலில் ஒரு பாக்டீரியா சில நாள் தங்கி, பிரசவத்துக்கு முன்பே மறைந்துவிட்டது. அதைக் கண்ணால் காணாத குட்டிகளின் குடலில் பாதுகாப்பு அணுக்கள் கூடியிருந்தன. கிருமியின் உடைந்த துணுக்குகளைத் தாயின் எதிர்ப்புப் புரதங்கள் சுமந்துகொண்டு நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தன.

இதைப் படித்துவிட்டு, சென்னையில் இருக்கும் கர்ப்பிணி யாராவது பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார வேண்டாம். ஆல்ப்ஸ் பெண்கள் பாவாடை கட்டிய வயதிலிருந்து மாட்டோடு இருப்பவர்கள், ஏழாம் மாதத்தில் திடீரென்று போனவர்கள் இல்லை. பண்ணைக்குப் பண்ணை வித்தியாசமும் உண்டு. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாய சமூகங்கள். இரண்டும் ஐரோப்பாவிலிருந்து போனவை, ஒரே மாதிரி சாப்பாடு, பெரிய குடும்பம். ஆமிஷ் வீடுகளில் மாடு வாசலிலேயே நிற்கும், ஹட்டரைட்டுகளுக்கு வீட்டிலிருந்து தள்ளி இயந்திரம் வைத்த பெரிய பொதுப் பண்ணை. 2016-ல் வந்த ஆய்வில் பிள்ளைகளிடம் ஆஸ்துமா ஆமிஷில் நூற்றுக்கு 5, ஹட்டரைட்டில் 21.

நீங்கள் அந்தக் கட்டுத்தறியில் வளர்ந்த பெண். தாராளமாகப் போங்கள், கன்றைத் தடவிக் கொடுங்கள். தவிட்டு மூட்டை தூக்க வேண்டாம், வைக்கோல் பிடுங்கும்போது மட்டும் தள்ளி நில்லுங்கள். காய்ச்சாத பால் ஒரு வாய்கூட வேண்டாம், கறந்த சூட்டோடு குடித்தால் நல்லது என்று யார் சொன்னாலும் சரி. அதில் வரக்கூடிய சில கிருமிகள் கருவையே கலைத்துவிடும். மாடோ ஆடோ கன்று போட்டால், அதுவும் குறைமாதத்தில் போட்டுவிட்டால், நஞ்சு விழுந்த இடத்துக்கு நீங்கள் போகவே கூடாது. வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சாதாரண சோப்பு போதும்.

கேள்வி: என் மருமகள் மாசமாக இருக்கிறாள். டி.டி. ஊசி ஒன்று போட்டாயிற்று, இரண்டாவது வேண்டாம் என்கிறாள், ஊசி மருந்து குழந்தைக்குப் போய்விடுமோ என்று பயம். எங்கள் காலத்தில் இத்தனை ஊசி இல்லை. என்ன சொல்லிப் புரியவைப்பது?
— ஒரு மாமியார், தஞ்சாவூர்

பதில்: அம்மா, குழந்தைக்குப் போவது மருந்து இல்லை, மருமகளின் உடம்பு அந்த ஊசியைப் பார்த்துத் தயாரிக்கிற எதிர்ப்புப் புரதம். அது போக வேண்டும் என்பதற்குத்தான் ஊசியே போடுகிறோம். நஞ்சுக்கொடி அதைத் தேடிப் பிடித்துக் குழந்தைப் பக்கம் கடத்துகிறது, 28 வாரத்துக்குப் பிறகு மும்முரமாக. நிறைமாதத்தில் பிறக்கிற குழந்தையின் ரத்தத்தில் இந்தப் புரதம் தாயிடம் இருப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். தனக்கு வைத்துக்கொள்ளாமல் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிற உடம்பு. குறைமாதக் குழந்தைகளுக்குச் சீக்கிரம் நோய் தொற்றுவதற்கு இந்தப் பங்கு முழுசாக வந்து சேராததும் ஒரு காரணம்.

உங்கள் காலத்தில் ஊசி இல்லாததால் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு குழந்தையைப் பார்த்தேன். பிறந்து ஆறு நாள். நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது திடீரென்று வாயைத் திறக்கவில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் போதும், முதுகு வில்லாக வளைந்து உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், அழக்கூட முடியாது. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். டி.டி. ஊசி தடுப்பது இதைத்தான். வார்டில் எல்லாரும் விளக்கைக் குறைத்துவிட்டு நுனிக்காலில் நடந்தோம். அந்தத் தாய்க்கு ஒரு ஊசிகூடப் போட்டிருக்கவில்லை. 2015-ல் இந்தியா இந்த நோயைப் பச்சிளம் குழந்தைகளிடம் ஏறக்குறைய ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது, அதில் கர்ப்பிணிகளுக்குப் போட்ட இந்த ஊசிக்குப் பெரிய பங்கு. இப்போது போடுவதில் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு இருக்கிறது.

கக்குவான் இருமலுக்கும் கர்ப்ப காலத்தில் ஊசி உண்டு. இங்கிலாந்தில் பச்சிளம் குழந்தைகள் அந்த இருமலில் இறக்கத் தொடங்கியதும் 2012 அக்டோபரிலிருந்து எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் போட ஆரம்பித்தார்கள், பத்தில் ஒன்பது குழந்தைகளை அது காப்பாற்றியது. இந்த நோய்களுக்கு எதிராகக் குழந்தைக்கு நாம் போடும் முதல் தடுப்பூசி ஆறாவது வாரத்தில்தான் வருகிறது. அதுவரை அதற்கு இருப்பது அம்மா கொடுத்ததுதான். மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: நான் சிகரெட் பிடிப்பேன், ஆனால் மொட்டை மாடியில்தான். மனைவிக்கு ஐந்தாம் மாதம். இது போதாதா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: போதாது தம்பி. சட்டையில், விரலில், மூச்சில் அது உங்களோடு இறங்கி வருகிறது. மேலே மாட்டுத்தொழுவம் தூண்டிவிட்டதாகச் சொன்னேனே, கிருமியை இனம் காணும் அமைப்பு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் புகைபிடிக்கும் தாய்மாரின் குழந்தைகளிடம் கொடி ரத்தத்தில் பார்த்தபோது அதுவே மந்தமாக இருந்தது. நம் ஊரில் மனைவி புகைப்பதில்லை, அவர் பங்குக்குக் கணவர் புகைக்கிறார். அப்படிப் பக்கத்தில் இருந்து சுவாசிக்கும் தாய்மாரின் பிள்ளைகளுக்கும் மூச்சிரைப்பு அதிகம் வருகிறது. விட்டுவிடுங்கள், தனியாக முடியவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். இன்றே செய்யக்கூடியது, படுக்கையறையில் கொசுவத்திச் சுருளை நிறுத்திவிட்டு வலை கட்டுவது. சாம்பிராணியும் வேண்டாம், எந்தப் புகையும் புகைதான்.

கேள்வி: வேர்க்கடலை, மீன் சாப்பிட்டால் குழந்தைக்கு அலர்ஜி வருமா?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

பதில்: உங்களுக்கே அலர்ஜி இல்லை என்றால் இரண்டையும் சாப்பிடுங்கள். அலர்ஜிக் குடும்பத்துக் கர்ப்பிணிகள் கடலையைத் தவிர்க்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2000-ல் சொன்னார்கள், பலன் தெரியவில்லை என்று 2008-ல் அவர்களே விலக்கிக்கொண்டார்கள். மீன் விஷயத்தில் கோபன்ஹேகனில் 700-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்தார்கள். கடைசி மூன்று மாதம் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களின் பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேருக்கும், சாப்பிடாதவர்களின் பிள்ளைகளில் 24 பேருக்கும் தொடர்ந்த மூச்சிரைப்போ ஆஸ்துமாவோ வந்தது. உடம்பில் அந்தச் சத்து ஏற்கெனவே குறைவாக இருந்த தாய்மாருக்குத்தான் அதிகப் பலன். அவர்கள் கொடுத்தது பெரிய அளவு, அதை நீங்களாகக் கடையில் வாங்கி விழுங்க வேண்டாம். உங்கள் ஊரில் மத்தியும் நெத்திலியும் மலிவாகக் கிடைக்கும், வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். சுறா மட்டும் பிரசவம் வரை வேண்டாம், அதில் பாதரசம் சேர்ந்திருக்கும்.